பெரிய ஆக்டா எங்கே நழுவுகிறது?

பினாங்கில் புதிதாகப் படம் எடுக்க வரும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, இந்த ஸ்ட்ரோப்போட மவுண்ட் 120 சென்டிமீட்டர் ஆக்டாவைத் தாங்குமா?" ஸ்ட்ரோப் என்பது பளிச்சென்று மின்னும் ஸ்டூடியோ விளக்கு. ஆக்டா என்பது ஒளியை மென்மையாக்க அதன் முன்னால் மாட்டும் எண்கோணத் துணிப்பெட்டி, அதாவது சாப்ட்பாக்ஸில் ஒரு வகை. இரண்டையும் சேர்க்கும் இணைப்புதான் மவுண்ட். கேள்விக்குப் பதில், தாங்கும். நான் பார்த்த வரையில் மவுண்ட் கழன்று விழுந்த சாப்ட்பாக்ஸ் குறைவு. ஸ்ட்ரோப்பை ஸ்டாண்டோடு சேர்க்கிற, மேலும் கீழும் சாய்க்க உதவுகிற முட்டி இருக்கிறதே, அது நழுவித் தலை குப்புறக் கவிழ்ந்தவைதான் அதிகம். அதற்கு அடுத்தது ஸ்டாண்டே சாய்ந்தவை. ஆனால் கடையில் எல்லோரும் விசாரிப்பது மவுண்டைப் பற்றித்தான். முட்டியைத் திருகிப் பார்த்து வாங்குகிறவர்கள் அபூர்வம்.

சரி, மவுண்டை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே பெரும்பாலோர் கையில் இருப்பது போவென்ஸ் எஸ் மவுண்ட். சாப்ட்பாக்ஸின் பின்னால் இருக்கும் இணைப்பு வளையத்துக்கு ஸ்பீட் ரிங் என்று பெயர். அதில் மூன்று காதுகள் இருக்கும். அவற்றை உள்ளே விட்டுத் திருப்பினால் ஸ்பிரிங் வைத்த ஒரு முள் வந்து பூட்டிக்கொள்ளும். போவென்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. அவர்கள் வகுத்த மவுண்ட் மட்டும் கோடாக்ஸ் போன்ற சீனத் தயாரிப்புகளின் தயவில் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. எங்கே வாங்கிய சாப்ட்பாக்ஸும் பொருந்தும் என்பது இதில் உள்ள வசதி. எல்லாரும் ஒரே அளவில் காது வெட்டுவதில்லை என்பது தலைவலி. மலிவு ரிங் சிலவற்றில் காது மெலிந்திருக்கும். பூட்டிய பிறகும் லொடலொடவென்று ஆடும். கொஞ்சம் ஆட்டம் பரவாயில்லை. ஸ்ட்ரோப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, விடுவிக்கும் பொத்தானைத் தொடாமல், சாப்ட்பாக்ஸை வந்த வழியே திருப்பிப் பாருங்கள். திரும்பினால் முள் சரியாக விழவில்லை என்று அர்த்தம். 'டக்' என்ற சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். முள் பாதி விழுந்தாலும் அதே சத்தம் வரும்.

புரோஃபோட்டோ கம்பெனி விளக்குகள் வேறு மாதிரி. அதில் காதும் இல்லை, முள்ளும் இல்லை. விளக்கின் உடம்பில் ரப்பர் பட்டை, அதன்மேல் மாடிஃபையரின், அதாவது சாப்ட்பாக்ஸ் போல ஒளியை மாற்றும் சாமானின், வளையம் வந்து இறுகப் பிடிக்கும். முன்னும் பின்னும் நகர்த்தி ஒளியின் விரிவை மாற்றலாம் என்பது அதன் அழகு. பிடிமானம் முழுக்க உராய்வை நம்பியது என்பதால், வாடகைக்கு எடுத்தால் முதலில் ரப்பரைத் துணியால் துடைத்துவிடுவேன். எலின்க்ரோம் கம்பெனி விளக்குகளில் காதுகளும் உண்டு, மேலே ஒரு பூட்டு வளையமும் உண்டு. வளையத்தைத் திருப்ப மறக்காமல் இருந்தால் போதும்.

ஒரு வகை மவுண்டை மற்றொரு வகையாக்கும் அடாப்டர்கள் மீது எனக்கு அவ்வளவு பிரியம் இல்லை. கூடுதலாக ஓர் இணைப்பு வருகிறது. அதோடு சாப்ட்பாக்ஸ் இன்னும் சில சென்டிமீட்டர் முன்னால் தள்ளிப்போகிறது. அந்தச் சில சென்டிமீட்டரில்தான் விஷயமே இருக்கிறது.

சென்னைக்குத் துணி எடுக்கப் போகும்போது பெட்டி நிறுக்க வாங்கிய தொங்கு தராசு ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. ஒரு நாள் அதில் என் சாமான்களை எல்லாம் மாட்டி நிறுத்தேன். கோடாக்ஸ் ஏடி600 புரோ ஸ்ட்ரோப் பேட்டரியோடு சுமார் 3 கிலோ. ஆழமான 120 ஆக்டா, உள்துணி, வெளித்துணி எல்லாம் சேர்ந்து இரண்டரை கிலோ. எண்களை மட்டும் பார்த்தால் பெரிய பாரமாகத் தெரியாது. ஆனால் ஆக்டாவின் பாரம் முட்டியிலிருந்து சுமார் 35 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது. ஸ்ட்ரோப்பின் பாரம் முட்டிக்குப் பின்னால் ஒரு சாணுக்கும் குறைவு, 10 சென்டிமீட்டர் என்று வையுங்கள். முன்னால் இரண்டரையை 35ஆல் பெருக்கினால் 87 சொச்சம். பின்னால் மூன்றைப் பத்தால் பெருக்கினால் 30. மிச்சம் 57. கிலோவும் சென்டிமீட்டரும் பெருகி வந்த இந்த 57ஐ அந்தச் சின்னத் திருகு ஒன்றே பிடித்து நிறுத்த வேண்டும். இதற்குமேல், ஒளி பக்கவாட்டில் சிதறாமல் தடுக்கும் துணி வலை போட்டால், அது உட்காருவது ஆக்டாவின் நுனியில். வலையின் பாரம் குறைவுதான், அதன் தூரம்தான் அதிகம்.

ஆக்டா நேராக எதிரே பார்க்கும்போதுதான் முட்டிக்கு வேலை அதிகம். கீழ் நோக்கிச் சாய்க்கச் சாய்க்கப் பாரம் முட்டிக்கு நெருங்கி வருகிறது, திருகின் கஷ்டமும் குறைகிறது. ஆட்களுக்கு நேராக, கொஞ்சம் உயரத்தில் வைத்து எடுக்கும் சாதாரணக் குடும்பப் படம்தான் ஆபத்தானது. யாரும் அதை அப்படி நினைப்பதில்லை.

என்னோடு வேலை பார்க்கும் தம்பிக்கு இறுக்குவதில் அசாத்திய நம்பிக்கை. "அக்கா, இன்னும் ஒரு சுத்து சுத்தட்டுமா?" என்பான். "சுத்து, கையோட வந்துடும்" என்பேன். உராய்வை மட்டும் நம்பிய முட்டியை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு கட்டத்துக்குமேல் பிளாஸ்டிக்தான் நசுங்குகிறது. பல் வைத்த முட்டியாக இருந்தால் கதையே வேறு. இரண்டு பல்வரிசைகள் ஒன்றில் ஒன்று உட்கார்ந்துவிட்டால் நழுவ வழியில்லை. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. திருகை நன்றாகத் தளர்த்தி, கோணத்தை மாற்றி, மறுபடி இறுக்க வேண்டும். அரைகுறையாகத் தளர்த்தி "கரகர" என்று இழுத்துச் சாய்க்கிறவர்கள் பல்லை மழுக்குகிறார்கள்.

பட்டர்வொர்த் பக்கம் ஒரு வாடகை ஸ்டூடியோவில் அப்படி மழுங்கிய முட்டி ஒன்றைப் பார்த்தேன். மூன்று தலைமுறை நிற்கும் படம். 150 ஆக்டா, மேலே வலை. நாற்காலியில் பாட்டி. வெளிச்சம் சரியாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால் பாட்டியின் நெற்றி கொஞ்சம் கொஞ்சமாக இருண்டுகொண்டே போகிறது. ஒவ்வொரு படத்திலும் ஒரு சொட்டு. ஆக்டா மெல்லத் தலை குனிந்துகொண்டிருந்தது. நான் எல்லாரையும் எழுப்பிப் பின்னால் அனுப்பி, ஆக்டாவைத் தாங்கிப் பிடிக்கவும் அது முழுதாகக் கவிழவும் சரியாக இருந்தது. திருகைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பல் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அது முதல், வாடகைக்கு எடுக்கும் எந்த விளக்கானாலும் முட்டியைக் கழற்றிப் பல்லைப் பார்த்த பிறகுதான் காசு எண்ணுவேன். படம் எடுக்கும்போது வெளிச்சம் காரணமில்லாமல் மாறினாலும் முதலில் கண் போவது முட்டிக்குத்தான்.

இதற்கு என்ன வழி? பாரத்தை ஸ்ட்ரோப்பின் மீது ஏற்றாமல் இருப்பதுதான். ஏடி200 போன்ற சின்ன விளக்குகளுக்கு கோடாக்ஸின் எஸ்2 பிராக்கெட் இதைத்தான் செய்கிறது. விளக்கை அது ஒரு வாய் போலப் பிடித்துக்கொள்கிறது. சாப்ட்பாக்ஸ் மாட்டுவது பிராக்கெட்டில். விளக்கின் மெல்லிய உடம்பு எதையும் சுமப்பதில்லை. எஸ்2 பிராக்கெட்டில் நான் 90க்கு மேல் போவதில்லை, அது என் பயம். பெரிய ஆக்டாக்களில் ஸ்பீட் ரிங்கையே ஸ்டாண்டில் உட்கார வைக்கும் தாங்கி வருவதுண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். பாரத்துக்கு நேர் கீழே ஸ்டாண்ட் வந்துவிடுகிறது, ஸ்ட்ரோப் பின்னால் எதிர்ப்பாரமாக நிற்கிறது. புரோன்கலரின் பாரா போன்ற ராட்சச மாடிஃபையர்களில் இது இன்னும் ஒரு படி மேல். ஸ்டாண்டில் ஏறுவது மாடிஃபையர்தான், விளக்கு அதற்குள் ஒரு தண்டில் மாட்டிக்கொள்கிறது. அவ்வளவு பெரியதை விளக்கின் கழுத்தில் தொங்கவிட அவர்களுக்கே மனம் வரவில்லை பாருங்கள்.

நீட்டிப்புத் தலை பற்றியும் கேட்கிறார்கள். ஏடி600இன் உடம்பை ஸ்டாண்டின் காலருகே கட்டிவிட்டு, ஒரு சின்னத் தலையை மட்டும் மேலே ஏற்றலாம். பாரம் கீழே இறங்குவதால் ஸ்டாண்ட் உறுதியாக நிற்கும். விளக்கைத் தலைக்குமேல் நீட்டிப் பிடிக்கும் பூம் கையில் ஏற்றுவதற்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் மேலே சொன்ன கணக்கை ஒரு முறை திரும்பப் பாருங்கள். முட்டிக்குப் பின்னால் இருந்த அந்த 30 போய்விட்டது. மொத்தப் பாரம் குறைந்தும், முட்டியின் வேலை கூடிவிட்டது. நீட்டிப்புத் தலை வைத்தால் நல்ல இரும்பு முட்டியும் வைக்க வேண்டும்.

மாட்டும் முறைக்கு வருகிறேன். நான் ஐந்தடி ஒரு அங்குலம். தலைக்குமேல் கையை நீட்டி, ஓர் அகலமான துணிப் பூதத்தை மூன்று காதும் ஒரே நேரத்தில் விழும்படி திருப்ப என்னால் முடியாது. உயரமானவர்கள் செய்வதைப் பார்த்தாலும் எனக்கு வயிறு கலங்கும். ஸ்டாண்டை முழுக்க இறக்கிவிடுங்கள். ஸ்ட்ரோப்பின் முகம் மேலே கூரையைப் பார்க்கட்டும். சாப்ட்பாக்ஸை அதன்மேல் இறக்கினால் காதுகள் தாமாகவே பள்ளத்தில் உட்காரும். திருப்பி, பூட்டி, வந்த வழியே திருப்பிச் சோதித்து, அதன்பிறகு ஒரு கையால் ஆக்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே மெல்லச் சாய்க்க வேண்டும். முட்டியை இறுக்கிய பின்னும் கையை உடனே எடுக்காதீர்கள், ஓர் அங்குலம் விட்டு வைத்திருங்கள். உயர்த்துவது கடைசியில். உயர்த்தும்போது தடித்த குழாய்களை முதலில், மெல்லிய குழாயைக் கடைசியில். ஸ்டாண்ட் தலையில் இருக்கும் 16 மில்லிமீட்டர் முளை முட்டிக்குள் முழுக்க இறங்கியிருக்கிறதா, திருகு அதன் இடுப்புப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் கீழே இருக்கும்போதே பார்த்துவிடலாம்.

சி-ஸ்டாண்ட் என்கிற கனமான சினிமா ஸ்டாண்டில் குறுக்குக் கை போட்டால் ஒரு பழைய சினிமாக்காரர்களின் விதி உண்டு. திருகு உங்களைப் பார்க்கும்படி நில்லுங்கள். பாரம் உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். அப்போது கை கீழே இறங்கப் பார்த்தால் திருகு தானாக இறுகும். இடப்பக்கம் வைத்தால் பாரமே திருகைத் தளர்த்திவிடும்.

ஸ்டாண்டின் கால்களில் எனக்கு ஒரு சண்டையே உண்டு. மூன்று கால் ஸ்டாண்டில் கால் நுனி நடுத்தண்டிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். ஒரு காலின் திசையில் கவிழ்க்க வேண்டுமென்றால் அந்த 50 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டும். இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியின் திசையில் 25 தாண்டினால் போதும், சரிபாதி. ஆகவே ஒரு கால் எப்போதும் ஆக்டாவுக்கு நேர் கீழே போக வேண்டும். இதற்குக் காசு செலவில்லை, கருவி தேவையில்லை. இருந்தும் பத்துக் கல்யாணத்தில் எட்டில் இடைவெளிதான் முன்னால் இருக்கிறது, நடக்க வசதியாக இருக்கிறதாம்.

மணல் மூட்டை தரையைத் தொடக் கூடாது. தொட்டால் பாரத்தைத் தரை வாங்கிக்கொள்கிறது, ஸ்டாண்டுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. காலின்மேல் தொங்க வேண்டும். வீடுகளுக்குப் போய் எடுக்கும்போது ஐந்தாவது மாடி பிளாட்டுக்கு மணலைத் தூக்கிக்கொண்டு ஏற என்னால் ஆகாது. வெறும் பையை மட்டும் கொண்டுபோவேன். "ஆன்ட்டி, அரிசி மூட்டை இருக்கா?" எந்தத் தமிழ் வீட்டிலும் 10 கிலோ அரிசி இருக்கும். தீபாவளிப் படம் ஒன்றில் அந்த மூட்டை ஓரத்தில் தெரிந்துவிட்டது. மாமா அதை வெட்ட வேண்டாம் என்றுவிட்டார், லட்சுமியாம்.

அசையாமல் நின்றால் பெரும்பாலான ஸ்டாண்டுகள் கவிழாது. இடிப்பதும் காற்றும்தான் கவிழ்க்கின்றன. என் ஸ்டூடியோ ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் மாடி. பலகைத் தரை. மூன்று குழந்தைகள் ஓடினால் ஆக்டா தலையாட்டும். போதாததற்குக் கூரை விசிறி. விசிறியின் கீழ் ஸ்டாண்ட் உயர்த்துவதில்லை என்பது எங்கள் மாடியில் சட்டம், வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் சரி.

வெளியே என்றால் பாடாங் கோத்தா லாமா, ஜார்ஜ்டவுனின் கடலோரத் திடல். மாலைக் கடல் வெளிச்சத்துக்காகக் கல்யாண ஜோடிகள் எல்லாம் அங்கேதான் வருகிறார்கள். அங்கே காற்றும் வருகிறது. 120 ஆக்டாவின் முகம் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று, அதாவது பட்டுச் சேலையின் முந்தானை அழகாகப் பறக்கிற அளவு, அந்த முகத்தைத் தள்ளும் விசை தோராயமாக 1.8 கிலோ. ஆக்டா 2 மீட்டர் உயரத்தில் இருந்து, காற்று கால் இடைவெளிப் பக்கம் தள்ளினால், எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 15 கிலோ இருந்தால்தான் ஸ்டாண்ட் நிற்கும். காற்று இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. அப்போது 60 கிலோ வேண்டும். 60 கிலோவுக்கு மணல் கட்டுவதைவிட ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது சுலபம். முன்துணியைக் கழற்றினால் காற்று குறையும் என்று சிலர் செய்கிறார்கள். அப்போது ஆக்டா ஒரு கிண்ணமாகிவிடுகிறது, காற்று உள்ளே புகுந்து இன்னும் இழுக்கும். நான் கடற்கரையில் ஆக்டாவை வெளியே எடுப்பதே இல்லை. சின்ன பியூட்டி டிஷ் என்கிற வட்டமான உலோகத் தட்டு, தம்பியின் கை, அவ்வளவுதான்.

பூம் கையில் தலைக்குமேல் விளக்கு வைக்கும்போது பாதுகாப்புக் கம்பி இல்லாமல் நான் பொத்தானை அழுத்த மாட்டேன். மேடை விளக்குக்காரர்கள் மாட்டுகிற எஃகுக் கம்பிக் கயிறுதான், நுனியில் பூட்டுகிற கொக்கி. ஸ்ட்ரோப்பின் கைப்பிடிக்குள் நுழைத்து பூம் கையைச் சுற்றிப் பூட்ட வேண்டும், தொய்வு அதிகம் இல்லாமல். தொய்வு அதிகமானால் விளக்கு விழுந்து எடுக்கும் வேகத்தில் கம்பியே அறுபடலாம். இது ஸ்ட்ரோப்பைத்தான் காக்கும். ஆக்டா மவுண்டிலிருந்து கழன்றால் அதைப் பிடிக்க ஆளில்லை. ஆகவே ஸ்பீட் ரிங்குக்கும் தனியாக ஒன்று. சாவிக்கொத்தில் தொங்கும் அலுமினியக் கொக்கியை இதற்குப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அதிலேயே "பாரம் ஏற்ற அல்ல" என்று அச்சடித்திருந்தது. பிறந்த குழந்தை என்றால் கம்பி போட்டும் நேர் மேலே வைப்பதில்லை. பக்கவாட்டில், தொட்டிலின் எல்லைக்கு வெளியே. தாய்மார்கள் கேட்டாலும் இல்லை.

நம் ஊர் ஈரப்பதமும் ஒரு எதிரி. மூடி வைத்த பையில் ரப்பர் பிசுபிசுத்துப் போகிறது, ஸ்பீட் ரிங்கின் திருகுகளில் துரு பிடிக்கிறது, துணியின் ஒட்டுப்பட்டை விட்டுப்போகிறது. மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை எல்லாத் திருகையும் கழற்றி, நடுத்தர வலுவுள்ள நீலத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு மறுபடி போடுவேன். சுழலும் ஸ்பீட் ரிங் வைத்திருப்பவர்கள் அந்த உள்வளையத்தின் சின்னத் திருகுகளை மறக்க வேண்டாம், அவை தளர்ந்தால் மவுண்ட் பூட்டியிருந்தும் பெட்டி கையோடு வரும்.

கழற்றும்போது மாட்டியதற்கு நேர் எதிர் வரிசை. முதலில் ஸ்டாண்டை இறக்கு, வலையை எடு, முகத்தை மேலே திருப்பு, அப்புறம்தான் பொத்தான். மணல் மூட்டை கடைசியில். விருந்தாளிகள் போனதும் அவசரத்தில் மூட்டையை முதலில் தூக்குவதில் நம் பையன்களுக்கு என்ன சுகமோ தெரியவில்லை.

இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது சக்கரம் வைத்த, எதிர்ப்பாரத்தோடு வரும் ஒரு பூம் ஸ்டாண்ட், பழையதாக இருந்தாலும் சரி. புதியதன் விலையைக் கேட்டால் பேசாமல் திரும்பி வந்துவிடுகிறேன். பிறை, பட்டர்வொர்த் பக்கம் யாராவது ஸ்டூடியோவைக் காலி செய்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். வந்து பார்த்து, முட்டியைக் கழற்றிப் பல்லை எண்ணிவிட்டுத்தான் காசு தருவேன், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.